பாம்புக்கு ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு ஓட்டை

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசரலாம் என்று படுத்தேன். லண்டனிலிருந்து அக்கா பையன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பதினாலு வயசுப் பையன், அழுதுகொண்டிருந்தான்.

"மாமா, லட்டு மாட்டிக்கிச்சு."

லட்டு என்பது அவன் வளர்க்கும் பால் பைத்தான். இங்கிலாந்தில் இதை ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத மலைப்பாம்பு இனம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். லட்டு ஒளிந்துகொள்வதற்காகக் கூண்டுக்குள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் காற்றுக்கென்று விட்டிருந்த ஓட்டையில் லட்டு தலையை விட்டு, உடம்பில் கால்வாசி வெளியே வந்து, அதற்கு மேல் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சிக்கிக்கொண்டது. அத்தான் பதற்றத்தில் வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்த்திருக்கிறார். செதில் உரிந்து ரத்தம் வந்துவிட்டது.

நான் இங்கே கோட்டூர்புரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? "இழுக்காதீங்க, பெட்டியோட டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். அங்கே கால்நடை மருத்துவர் பெட்டியை ஓரத்திலிருந்து வெட்டி எடுத்து லட்டுவை விடுவித்தார். காயம் ஆற இரண்டு முறை சட்டை உரிக்க வேண்டியிருந்தது. இப்போது நன்றாக இருக்கிறது.

ஆகஸ்டில் அக்கா குடும்பம் சென்னை வந்தபோது பையன் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் வைத்தான். உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்று வெட்டப்பட்ட பழைய பெட்டி. இன்னொன்று அதற்குப் பிறகு இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியது. "நீங்க இஞ்சினியர்தானே மாமா? இது ஏன் இப்படி இருக்கு, அது ஏன் அப்படி இருக்குன்னு சொல்லுங்க."

நான் பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போன லட்சக்கணக்கான தமிழ்நாட்டுப் பையன்களில் ஒருவன். இருபது வருஷமாக மோல்டிங் பற்றி யோசித்ததே இல்லை. ஆனால் மருமகன் கேட்டுவிட்டான். அந்த ஒரு வாரம் நான் பார்த்தது, தோண்டியது, கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பாம்புக்கு எதற்குப் பெட்டி?

இதை அலங்காரப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. பால் பைத்தான் காட்டில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும். முதுகும் பக்கமும் எதன் மேலாவது பட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. திறந்த இடத்தில் விட்டால் பயத்தில் இரை எடுக்காது, வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் பெட்டி பெரிசாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பதே நல்லது. சுருண்டு படுத்தால் சுவர் உடம்பைத் தொட வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? அந்தப் பிளாஸ்டிக்கின் உள்சுவர், விளிம்பு, வாசல் மூன்றும் நாள் முழுக்கப் பாம்பின் தோலில் உரசிக்கொண்டே இருக்கும். நாம் ஒரு டப்பாவைக் கையில் எடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். பாம்பு அதை உடுத்திக்கொள்கிறது.

பெட்டி எப்படிப் பிறக்கிறது

கல்லூரி நண்பன் ஒருவன் அம்பத்தூரில் சின்னதாக ஒரு மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, பையனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

முறை எளிமையானது. பிளாஸ்டிக் குருணையை ஒரு சூடான உருளைக்குள் கொட்டுகிறார்கள். உள்ளே சுழலும் திருகு அதை உருக்கி முன்னால் தள்ளுகிறது. பாலிப்ரொப்பிலீன் என்றால் 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு. உருகிய பிளாஸ்டிக்கை இரண்டு பாதியாக இருக்கும் எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பட்டறையில் இந்த அச்சை 'டை' என்கிறார்கள். ஒரு பாதி குழி, இன்னொரு பாதி மேடு. நடுவில் இருக்கும் இடைவெளிதான் பெட்டியின் சுவர். ஆறியதும் டை திறக்கும், பெட்டி வெளியே விழும். சில விநாடிகளில் ஒரு பெட்டி.

நண்பன் பழைய பெட்டியைக் கையில் வாங்கினான். ஓட்டையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். "பிசிறு" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் கதை முழுக்க இருந்தது.

பிசிறு எங்கே வரும்?

உருகிய பிளாஸ்டிக் உள்ளே போகும்போது டையின் இரண்டு பாதிகளையும் பிரித்துத் தள்ளப் பார்க்கும். இயந்திரம் அதை எதிர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம்? நண்பன் சொன்ன பட்டறைக் கணக்கு: பெட்டியின் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 0.3 டன். நம் பெட்டி 20 x 15 சென்டிமீட்டர், அதாவது 300 சதுர சென்டிமீட்டர். ஆக 90 டன் பிடிப்பு வேண்டும். 60 டன் இயந்திரம்தான் காலியாக இருக்கிறது என்று அதில் ஓட்டினால் டை மயிரிழை திறக்கும். அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து காகிதம் போல ஒரு தகடாக உறையும். அதுதான் பிசிறு. தேய்ந்துபோன டையிலும் இதே கதிதான். ஒரு நல்ல டை லட்சக்கணக்கில் விலை ஆவதால், தேய்ந்த பிறகும் அதை ஓட்டிக்கொண்டே இருக்கத்தான் தோன்றும்.

இதுவரை எந்த டப்பாவுக்கும் பொருந்தும். பாம்புப் பெட்டியின் தனிச் சிக்கல் இனிமேல்தான்.

பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை வேண்டுமென்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் போகாமல் எஃகும் எஃகும் ஒட்டி நிற்க வேண்டும். டை மேலும் கீழுமாகத் திறக்கும். ஓட்டையோ பக்கவாட்டில் இருக்கிறது. அதற்கு ஒன்று, பக்கவாட்டில் நகரும் தனித் துண்டு ஒன்றை டையில் வைக்க வேண்டும். அது செலவு. இல்லாவிட்டால் சுவரையே சாய்வாக வடிவமைத்து இரண்டு பாதிகளும் உரசிக்கொண்டு மூடும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை மூடும்போதும் உரசல், உரசலால் தேய்மானம், தேய்ந்த இடத்தில் பிசிறு. இரண்டும் வேண்டாம் என்று முதலில் மூடிய பெட்டியாக வார்த்துவிட்டு, பிறகு டிரில் போட்டுத் துளைப்பவர்களும் உண்டு. டிரில் வெளிவரும் பக்கம் சொரசொரவென்று நார் நிற்கும்.

ஆக, எப்படிச் செய்தாலும் பிசிறு வர அதிக வாய்ப்புள்ள இடம் ஓட்டையின் விளிம்பு. பாம்பின் உடம்பு நெருக்கி உரசிப் போகும் இடமும் அதே விளிம்பு. தயாரிப்பில் எது பலவீனமோ அதுவே பாம்பின் பாதையாக இருக்கிறது. எங்கள் தொழிலில் பிழை எப்போதும் இரண்டு மாட்யூல் சேரும் இடத்தில்தான் இருக்கும் என்போம். எஃகிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. உருகிய பிளாஸ்டிக் ஓட்டைக்குரிய எஃகைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடி, அந்தப் பக்கம் மறுபடி சேர்கிறது. சேரும்போது கொஞ்சம் ஆறியிருப்பதால் முழுசாக ஒட்டாது. உற்றுப் பார்த்தால் மயிர் போல ஒரு கோடு தெரியும். நாளடைவில் விரிசல் விடுவது அங்கிருந்துதான். பழைய பெட்டியில் ஓட்டைக்குப் பக்கத்தில் கோடும் இருந்தது, அதில் சின்ன விரிசலும் இருந்தது.

உள்பக்கம்தான் முகப்பு

பழைய பெட்டியை வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. பளபளப்பு, பாறை போல ஒரு வடிவம், அழகு. உள்ளே திருப்பினால் வட்ட வட்டமாக நான்கு தழும்புகள். ஒன்றில் மட்டும் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது.

ஆறிய பெட்டி மேட்டுப் பாதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிட எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. அவை தள்ளிய இடமே இந்தத் தழும்பு. வாடிக்கையாளர் கண்ணில் படாத பக்கத்தில்தான் அதை வைப்பார்கள், அது நியாயமும்கூட. பக்கெட்டுக்கோ டிவி ரிமோட்டுக்கோ உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் பாம்புப் பெட்டியில் உள்பக்கம்தான் முகப்பு. காசு கொடுப்பவர் வெளியே பார்க்கிறார், குடியிருப்பவர் உள்ளே இருக்கிறார். புதுப் பெட்டியில் இதே தழும்புகள் இருந்தன, ஆனால் சுவரோடு சமமாக. விரலால் தடவினால் தெரியவில்லை.

மேசை மேல் பரிசோதனைச் சாலை

வீட்டுக்கு வந்து வெர்னியரை எடுத்தேன். பழைய பெட்டியின் ஒரு சுவர் 1.3 மில்லிமீட்டர், எதிர்ச் சுவர் 2.2. டையின் மேட்டுப் பாதி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சுவர் சமமாக இல்லாவிட்டால் ஆறுவதும் சமமாக இருக்காது. பாலிப்ரொப்பிலீன் ஆறும்போது ஒன்றிலிருந்து இரண்டரை சதவீதம் வரை சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றரை சதவீதம் என்றால் 3 மில்லிமீட்டர். தடித்த பக்கம் அதிகம் சுருங்கி, பெட்டி முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தேன். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. அந்த இடுக்கில் குட்டிப் பாம்பு மூக்கை நுழைத்தால் என்ன ஆகும் என்று பையன் கேட்டான். பதில் அவனுக்கே தெரியும்.

அடுத்தது, எந்தப் பிளாஸ்டிக்? பெட்டியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் கேள்வியே இல்லை. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை. இரண்டிலுமே எண் இல்லை. ஆகவே தண்ணீர்ச் சோதனை. வெட்டிய சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டு அமுக்கிக் காற்றுக் குமிழியை நீக்கிவிட்டு விட வேண்டும். பாலிப்ரொப்பிலீன் (அடர்த்தி சுமார் 0.9), எச்.டி.பி.ஈ (சுமார் 0.95) இரண்டும் மிதக்கும். பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்ஸும் (சுமார் 1.05) மூழ்கும். மூழ்கினால் அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். முழுசாக உப்பேறிய தண்ணீரின் அடர்த்தி 1.2 அளவுக்கு வரும். அதில் பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்ஸும் மேலே வந்துவிடும். பி.வி.சி (பொதுவாக 1.3-க்கு மேல்) அப்போதும் அடியிலேயே கிடக்கும்.

பழைய பெட்டி மிதந்தது. புதுப் பெட்டியின் அடி விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு சுரண்டிப் போட்டேன். மூழ்கியது, உப்புப் போட்டதும் எழுந்தது. அக்கா வந்து சமையலறையில் பார்த்துவிட்டு, "கல்லுப்பு பாக்கெட் முழுக்கக் காலி பண்ணிட்டியா?" என்றாள்.

இதனால் என்ன பயன் என்றால், சுத்தம் செய்யும் முறை இதைப் பொறுத்தது. பாலிப்ரொப்பிலீன் கொதிநீரைத் தாங்கும். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும், கொதிநீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். மிதப்பது மட்டமும் இல்லை, மூழ்குவது உசத்தியும் இல்லை. லட்டுவின் பெட்டியில் தப்பு பொருளில் இல்லை, வேலையில் இருந்தது.

கறுப்பு நிறம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும் என்பதால் கறுப்பு நல்ல தேர்வுதான். அதே சமயம், பல நிற மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைக் கலந்தால் அதை மறைக்கத் தோதான நிறமும் கறுப்புதான். பழைய மின்னணுப் பொருட்களின் உறைகளில் இருந்த தீத்தடுப்பு வேதிப்பொருட்கள் கறுப்பு நிற வீட்டுச் சாமான்களில் வந்து சேர்ந்திருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புதுப் பெட்டியை வெந்நீரில் கழுவி ஒரு நாள் மூடி வைத்துத் திறந்து முகர்ந்து பார்ப்பது நல்லது. கடுமையாக வாடை அடித்தால் உள்ளே வைக்க வேண்டாம்.

நடுத்தர ஓட்டை

பிசிறு லட்டுவைக் கிழித்தது. ஆனால் சிக்க வைத்தது ஓட்டையின் அளவு. இது தயாரிப்புப் பிழை இல்லை, வடிவமைப்புப் பிழை.

பால் பைத்தானின் தலை சின்னது, கழுத்து ஒல்லி, நடு உடம்புதான் பருமன். இரை எடுத்த பிறகு இன்னும் பருமன். தலை போகிற ஓட்டையில் உடம்பும் போகும் என்று நினைத்து அது முன்னேறும். பாதியில் இறுகும். செதில்கள் எல்லாம் வாலை நோக்கி ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருப்பதால், பின்னால் இழுத்தால் ஓட்டையின் விளிம்பு செதிலுக்கு அடியில் புகுந்து தூக்கும். அத்தான் இழுத்தபோது நடந்தது அதுதான்.

ஆக விதி எளிது. ஓட்டை, தலையே நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிறு நிறைந்த உடம்பும் தாராளமாகப் போகும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நடுத்தர ஓட்டைதான் எமன். பாம்பு வளரும் என்பதையும் மறக்கக் கூடாது. போன வருஷம் பெரிய ஓட்டையாக இருந்தது இந்த வருஷம் நடுத்தர ஓட்டை ஆகிவிடும். லட்டுவுக்கு நடந்ததும் இதேதான். வாங்கியபோது அது குட்டி.

சோதிக்க ஆள் இல்லை

குழந்தைகளின் பொம்மைக்கு இதற்கெல்லாம் சோதனை உண்டு. விளிம்பு கூர்மையா என்று பார்க்க, ஒரு கம்பியில் டெஃப்ளான் நாடாவைச் சுற்றி விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். விளிம்பில் பட்ட நாடாவில் பாதிக்கு மேல் அறுந்தால் பொம்மை தோல்வி. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ் முத்திரை கட்டாயம். பாம்புப் பெட்டிக்கு அப்படி ஒரு கட்டாயச் சோதனை கிடையாது. வாங்குபவர்தான் சோதனைச் சாலை.

வீட்டில் செய்ய ஒரு வழி: ஒரு துண்டுப் பஞ்சை எல்லா விளிம்பிலும், உள்சுவரிலும் மெதுவாக ஓட்டுங்கள். நார் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. விரலைவிடப் பஞ்சு நேர்மையானது, நம் விரல் காய்ப்பேறியது. சிக்கிய இடத்தைக் கத்தியால் சீவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவினால் போதும். ஐந்து நிமிஷ வேலை. தொழிற்சாலையில் ஒருவர் இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் லட்டுவுக்கு ரத்தம் வந்திருக்காது.

வடநெம்மேலியில் ஒரு பானை

அந்த வாரக் கடைசியில் பையனை வடநெம்மேலிக்குக் கூட்டிப்போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னால், முதலைப் பண்ணை வளாகம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பிறகு, தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த இருளர்களுக்கு ரோமுலஸ் விட்டேகர் துணையோடு உருவான வழி அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் மூலப்பொருள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும்.

அந்தச் சில வாரம் பாம்புகள் எதில் இருக்கின்றன? மண்பானையில். உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி, ஒரு கயிறு. அவ்வளவுதான்.

பையன் வரிசையாக இருந்த பானைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நானும்தான். சக்கரத்தில் சுழலும்போதே குயவரின் ஈரக்கை வாயை உருட்டி முடித்துவிடுகிறது. பிசிறு என்ற பேச்சே இல்லை. வட்டமான சுவர், எந்தப் பக்கம் சுருண்டாலும் உடம்பைத் தொடும். மண் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக விடுவதால் உள்ளே குளுமை. காற்றுக்குத் துணி. நடுத்தர ஓட்டை எதுவும் இல்லை. பானையும் கீழே விழுந்தால் உடையும், கழுவிக் காய வைக்க நேரமாகும், பிளாஸ்டிக்கின் சௌகரியம் அதற்கு வராது. ஆனால் உள்ளே இருப்பது யார் என்று யோசித்துச் செய்த பொருள் அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பாம்பு வளர்க்கக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வந்த பால் பைத்தான்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அந்தப் பெட்டிகளின் தரத்தை நான் சொல்லவே வேண்டாம். பாம்பு பார்க்க ஆசை வந்தால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. கோட்டூர்புரத்திலிருந்து நான் நடந்தே போய்விடுவேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள், பையனிடம் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்: "அங்க போய் ஒரு மண் பூந்தொட்டி வாங்கிக் கவுத்து வச்சுடுடா. விளிம்புல கொஞ்சம் உடைச்சு வாசல் பண்ணி, உப்புத்தாள் போட்டுடு. பிளாஸ்டிக்கே வேண்டாம்."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"மாமா, பூந்தொட்டிக்கு அடியில தண்ணி போக ஓட்டை இருக்குமே. கவுத்தா அது மேல வரும். லட்டு தலை அதுல போகும்."

நடுத்தர ஓட்டை. ஒரு வாரம் ஆராய்ச்சி செய்த நான் அதைக் கவனிக்கவில்லை. அடைத்துவிட்டு வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.